காத்தவராயனும் முந்நூற்றுப் பதினெட்டும்

காத்தவராயன் கோலார் தங்கவயலில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். தரைமட்டத்தில் உள்ள ஓர் இன்ஜின் அறையில், உயரமான நாற்காலியில் அமர்ந்து, இரண்டு நெம்புகோல்களைப் பிடித்துக்கொண்டு, இரும்புக் கயிற்றில் தொங்கும் கேஜ் என்னும் கூண்டைச் சுரங்கத்துக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவருடைய வேலை. கேஜில் செல்பவர்களை அவர் காண்பதில்லை. மணியோசையைக் கேட்பார், எதிரிலுள்ள பெரிய வட்டத்தில் முள் எந்த ஆழத்து லெவலைக் காட்டுகிறது என்று பார்ப்பார். மூன்று மணி அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று பொருள். அப்போது கயிறு மெதுவாக ஓடவேண்டும். தங்கம் கலந்த கல்லை ஏற்றும்போது அந்த நிதானம் தேவையில்லை.

அவர் பிறந்தது 1922ஆம் ஆண்டு, பாலகாட்டில் தொழிலாளர்களுக்கான லைன் வீடு ஒன்றில். தந்தை குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கத்தின் அடியில் பாறை துளைத்தவர். எட்டாம் வகுப்பு முடித்த காத்தவராயன் 1940இல் இன்ஜின் அறையில் எண்ணெய் துடைக்கும் ஆளாகச் சேர்ந்தார். 1947இல் ஓட்டுநர் சான்றிதழ் பெற்றார். நான் கூறப்போவது 1969ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை நடந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு, மனைவி பெயர் சௌந்தரம், பிள்ளைகள் மூவர்.

ஆண்டர்சன்பேட்டையில் டாக்டர் ஹரோல்ட் நடத்திய மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்யும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. ஆகவே இதில் ஒரு பகுதி நான் கண்டது; மறு பகுதி அவரும் சௌந்தரமும் பிற்காலத்தில் என்னிடம் கூறியது. எண்கள் யாவும் என் குறிப்பேட்டில் உள்ளவை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஷாப்ட் எனப்படும் வேறொரு சுரங்கக் குழியின் இன்ஜின் அறையில் வயது முதிர்ந்த ஓட்டுநர் ஒருவர் நாற்காலியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். தானியங்கித் தடை பிடித்துக்கொண்டதால் கேஜ் பாதி வழியில் நின்றது. உள்ளே பதினெட்டுப் பேர் இருந்தனர், ஒருவருக்கும் காயமில்லை. ஓட்டுநர் மட்டும் பிழைக்கவில்லை. அதன் பின்னர், நாற்பது வயது கடந்த ஓட்டுநர்கள் அனைவருக்கும் வருடாந்திர மெடிக்கலில் இருதய வரைபடமும் இரத்தக் கொழுப்புச் சோதனையும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. கொழுப்பை அளக்கும் நிறமானி எங்களிடம் இருந்தமையால் அந்தச் சோதனை எங்களிடம் வந்தது.

இங்கே தங்கவயலின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மெடிக்கல் என்ற சொல்லைக் கேட்டால் லைன் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது எடைத் தராசு. பாறைத் தூசி நுரையீரலைத் தின்னத் தொடங்கினால் ஆள் இளைப்பான்; இளைத்தவனை அடியில் இறக்கமாட்டார்கள். ஆகவே மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் உள்ளதையெல்லாம் அவன் இலையில் வைத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு முட்டை இல்லாவிட்டாலும் அவனுக்கு உண்டு. காத்தவராயனின் தந்தை 1938இல் நான்கு பவுண்டு எடை குறைந்ததால் வேலையிழந்தவர். அந்த நான்கு பவுண்டை அவ்வீட்டில் எவரும் மறக்கவில்லை. மகன் அடியில் இறங்குபவர் அல்லர். அவருடைய எடையை எவரும் கேட்கவும் இல்லை. எனினும் ஆண்டுதோறும் மெடிக்கல் வந்தால் சௌந்தரம் ஆட்டுக்கால் வாங்கிவிடுவார்.

அவ்வாண்டு புதிதாக இரத்தமும் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஏற்பாடு இரட்டிப்பாயிற்று. எட்டு நாட்கள் காலையில் இரண்டு முட்டை, பகலில் ஆட்டுமூளை வறுவல், இரவில் கால் சூப்பு, எல்லாவற்றின் மீதும் நெய். இரத்தத்தைச் சோதிப்பது இரத்தம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே என்பது அவர்கள் முடிவு. முந்தின இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் வரவேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருந்தோம். அதையும் அவர் வழுவாமல் கடைப்பிடித்தார்.

டிசம்பர் பதினோராம் தேதி காலை ஏழு மணிக்கு ஓட்டுநர்கள் வந்து பெஞ்சில் அமர்ந்தார்கள். காத்தவராயனுக்கு அடுத்து அமர்ந்தவர் அவருடைய ஷிப்டுக்கு மாற்று ஓட்டுநரான மரியகுழந்தை. மெலிந்த உடல், பீடி அணைந்து நான் கண்டதில்லை.

"இன்னாடா காத்தான், பளபளன்னு கீற. மாப்ள பாக்க வர்றாங்களா?" என்றார் மரியகுழந்தை.

"நீ ஊசி போட்டா ரத்தம் வருமா, இல்ல பொகதான் வருமா பாத்துக்கோ."

"எனக்கு வர்ற ரத்தம் போதும்பா. மிச்சம் கீறவன் குடுக்கட்டும்."

நான் இருவரிடமும் இரத்தம் எடுத்தேன். உறைய வைத்து, சுழற்றி, தெளிந்த நீரைப் பிரித்து, அமிலங்கள் சேர்த்தால் பச்சை நிறம் உண்டாகும். இருட்டுப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்திருந்து, நிறத்தின் அடர்த்தியை நிறமானியில் அளக்கவேண்டும். கொழுப்பு எவ்வளவு மிகுதியோ பச்சை அவ்வளவு அடர்த்தி. நூறு மில்லி லிட்டருக்கு நூற்றைம்பது முதல் இருநூற்றைம்பது மில்லிகிராம் வரை இயல்பு என்று எங்கள் புத்தகம் கூறியது. மரியகுழந்தையின் குழாய் புதுத் தளிர் போல் இருந்தது. நூற்று எண்பத்து நான்கு. காத்தவராயனின் குழாய் ஏரிப் பாசி போல் இருந்தது, முந்நூற்றுப் பதினெட்டு. நான் நம்பாமல் மறுமுறை செய்தேன். ஏறத்தாழ அதே எண் வந்தது.

நான்கு நாட்களுக்குப் பின், சுரங்க நிர்வாகத்தின் மருத்துவக் குழு அவரை நாற்காலியிலிருந்து இறக்கியது. மூன்று மாதங்கள் லேம்ப் ரூமில் வேலை. அதன் பின் எண் இருநூற்றைம்பதுக்குள் வந்தால் மீண்டும் இன்ஜின். வராவிட்டால் லேம்ப் ரூமே நிலை. காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் நேரே டாக்டர் ஹரோல்டிடம் வந்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"லுக், காத்தவராயன். உனக்கு இப்போ ஒண்ணும் இல்ல மேன்" என்றார் டாக்டர். அவர் ஆங்கிலோ இந்தியர். தமிழ் தடையின்றி வரும். "ஈசிஜி நல்லா இருக்கு. பிரஷர் நல்லா இருக்கு. ரத்தத்துல கொழுப்பு மட்டும் ஜாஸ்தி."

"ஒண்ணியும் இல்லன்னா அப்புறம் எதுக்கு டாக்டர் சீட்ட உட்டு எறக்கறாங்க?"

"இது சிக்னெஸ் இல்ல. சான்ஸ். உன் நம்பர் இருக்கிற நூறு பேர எடுத்துக்கோ. பத்து வருஷத்துல அதுல சில பேருக்கு ஹார்ட் அட்டாக் வரும். நம்பர் கம்மியா இருக்கிற நூறு பேர எடுத்துக்கோ. அதுல இன்னும் கம்மி பேருக்குத்தான் வரும்."

காத்தவராயன் அந்த நூறு பேரையும் மனத்துக்குள் வரிசையில் நிறுத்திப் பார்த்தார் போலும்.

"அந்த நூறு பேருல நான் எத்தினியாவது ஆளு டாக்டர்?"

"அது தெரியாது மேன்."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"தெரியாததுக்கா எறக்கிட்டாங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னர், கொழுப்பு இரத்தத்தில் தனியே மிதப்பதில்லை, சிறு சிறு மூட்டைகளாகச் செல்கிறது, மூட்டைகளிலும் பல வகைகள் உண்டு, ஒரு வகைதான் இரத்தக் குழாயில் படிந்து அதிகக் கெடுதல் செய்வதாக இப்போது எழுதுகிறார்கள் என்று விளக்கினார். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் வசதி நம்மிடம் இல்லை, எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறோம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"அப்படின்னா ஷிப்ட்ல எறங்குன எல்லாரயும் எண்ணிட்டீங்க. அதுல எத்தினி பேரு கல்லு திருடறவன்னு தெரியாது. ஆனா கூட்டம் ஜாஸ்தி, அதனால திருட்டும் ஜாஸ்தின்றீங்க."

"கரெக்ட் மேன்" என்றார் டாக்டர், வியப்புடன். "அதேதான்."

"எனுக்கு ஒண்ணும் புரியல" என்று கூறிவிட்டுக் காத்தவராயன் எழுந்தார். புரிந்துகொண்டவர் போலவே பேசியவர் ஏன் அவ்வாறு கூறினார் என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை.

எட்டு நாட்கள் உண்டவை பற்றி அவர் வாய் திறந்தது போகும்போதுதான். வாசற்படியில் நின்று, "மூள துன்னா தப்பா சார்?" என்று என்னிடம் கேட்டார். நான் திரும்ப அழைத்துவந்து டாக்டரிடம் முழுவதையும் கூறச் செய்தேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த உணவால் எண் எவ்வளவு ஏறியிருக்கும் என்று நான் கேட்டேன். கொஞ்சம் ஏறியிருக்கலாம், எல்லாம் அதனாலேயே இராது, எவ்வளவு என்று சொல்ல இயலாது என்றார். மூளை, நெய், முட்டையின் மஞ்சள் ஆகியவற்றை நிறுத்தும்படியும் மற்றபடி வழக்கம் போல் உண்ணும்படியும் எழுதிக் கொடுத்தார்.

சௌந்தரம் அந்தச் சீட்டை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். ஏற்றியது தம் கை என்றால் இறக்குவதும் தம் கைதான் என்பது அவர் எண்ணம். மறுநாள் முதல் வீட்டில் காத்தவராயனுக்குக் கேழ்வரகுக் கஞ்சி, கொள்ளுத் தண்ணீர், பூண்டு. வேறு எதுவும் கிடையாது.

லேம்ப் ரூம் என்பது, அடியில் இறங்குபவர்களுக்குத் தலை விளக்குகளைக் கொடுத்து, மேலே வந்ததும் திரும்பப் பெறும் இடம். அந்தச் சன்னலில் நின்றபோதுதான், இருபத்திரண்டு ஆண்டுகள் கயிற்றின் நுனியில் தாம் சுமந்தவர்களின் முகங்களைக் காத்தவராயன் முதன்முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர்கள் அவரைச் சும்மா விடவில்லை.

"நெய் டிரைவரண்ணா, எனுக்கு நல்ல வெளக்கா குடு. உன் ரத்தத்துல கொஞ்சம் ஊத்துனா எண்ணெய் இல்லாமயே எரியுமாமே" என்றார் அடியில் மரத்தூண் நிறுத்தும் ஆறுமுகம்.

"உனக்கு ஊத்துனா மூளயும் சேந்து வந்துடும். தாங்கமாட்ட" என்றார் காத்தவராயன்.

நகைச்சுவை நகைச்சுவையாகவே இருந்தது. ஆனால் அவர்கள் சென்று கேஜில் ஏறும்போது மூன்று மணி அடிப்பது லேம்ப் ரூமுக்குக் கேட்கும். அப்போதெல்லாம் தம் வலக்கை தானே சற்று முன்னால் நகர்வதாக அவர் என்னிடம் கூறியிருக்கிறார்.

கஞ்சி தொடங்கிய இருபதாம் நாள் அவர் லேம்ப் ரூமிலேயே மயங்கி விழுந்தார். நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார். இருதயம் என்றே அனைவரும் அஞ்சினர். இருதயம் அன்று; பட்டினி. பதினோரு பவுண்டு எடை குறைந்திருந்தது. டாக்டர் சௌந்தரத்தை அழைத்துக் கடிந்துகொண்டார்.

"நான் சோறு போட வேணாம்னு சொன்னேனா? நெய் வேணாம்னுதானே சொன்னேன்?"

"துன்னா ஏறுதுன்னீங்க. துன்லன்னா வுழறாரு. நடுவுல எங்க நிக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க டாக்டரு" என்றார் சௌந்தரம். அவர் குரலில் கோபமில்லை. வழி தவறியவர் வழி கேட்பது போலிருந்தது.

வந்த இடத்தில் இரத்தமும் எடுத்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. இருபது நாள் கஞ்சிக்கும் பதினோரு பவுண்டுக்கும் கிடைத்தது இருபத்தேழு. காத்தவராயன் அந்தச் சீட்டைப் பல முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்; பின்புறம் ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று தேடுவதைப் போல.

"கஞ்சி குடிச்சவனுக்கு எரநூத்தி தொண்ணூறு. பீடி குடிக்கிறவனுக்கு நூத்தி எம்பது. இது இன்னா கணக்கு சார்?"

பீடியும் இருதயத்துக்குக் கேடுதான் என்று டாக்டர் கூறியதை எடுத்துரைத்தேன். அதற்குச் சோதனை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "அதான் அவன் சீட்டுல குந்தினுகீறான்" என்றார். பின்னர் என்னை நேரே நோக்கினார்.

"உங்க நம்பர் இன்னா சார்?"

எனக்கு எண் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக ஊராரின் இரத்தத்தை அளந்த நான் என் இரத்தத்தை அளந்ததில்லை. அளக்கவேண்டும் என்று எவரும் எனக்குக் கடிதம் அனுப்பவுமில்லை. அவர் கேட்டது நியாயமாகப் பட்டதால் மறுநாள் காலை வெறும் வயிற்றில் என் இரத்தத்தை எடுத்துச் சோதித்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றேழு. நான் புலால் உண்பவன் அல்லன்; நெய்யும் அளவோடுதான். அடுத்த முறை அவர் வந்தபோது மறைக்க மனமின்றிக் கூறினேன்.

"என்ன விட ஆறு ஜாஸ்தி" என்றார் மெல்ல. "நீங்க நாளைக்கி வேலைக்கி வருவீங்க இல்ல?"

"வருவேன். என் கையில் கேஜ் இல்லையே."

"ஆமா" என்றார். அந்த விடை அவரைத் திருப்திப்படுத்தியதா, புண்படுத்தியதா என்று இன்றளவும் என்னால் உறுதியாகக் கூற இயலாது. பிறகு, "ஒரே ரத்தம்தான். எங்க குந்தினு கீறோம்றதுதான் நோவா?" என்றார்.

அதன் பின் இரண்டு மாதங்கள் அவர் டாக்டர் எழுதிய முறைப்படியே உண்டார். சோறு, பருப்பு, காய், வாரம் ஒருமுறை மீன். மாலையில் பாலகாட்டிலிருந்து கோரமண்டல் ஸ்டேஷன் வரை நடந்து திரும்புவார். எடை ஓரளவு மீண்டது. மார்ச் பதினெட்டாம் தேதி இறுதிச் சோதனை. அன்று எடுத்த இரத்தத்தைப் பிழை நேராதிருக்க இரண்டு குழாய்களாகப் பிரித்துத் தனித்தனியே செய்வதென முடிவு செய்தேன்.

குழாய்கள் இருட்டுப் பெட்டியில் இருந்த இருபது நிமிடத்துக்குள் சௌந்தரம் உள்ளே வந்தார். கணவருடன் வந்து வெளியே அமர்ந்திருந்தவர், அவர் டாக்டர் அறைக்குச் சென்ற நேரம் பார்த்து வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

"சொல்லுங்கம்மா."

"ஒரு அஞ்சு, பத்து முன்ன பின்ன வந்தா, கொறச்சி எழுதிக் குடுத்துடுங்க. அந்தாளு வூட்ல தூங்கறதில்ல சார். ஒக்காந்துக்கினே கெடக்கறாரு. கைய இப்பிடி இப்பிடி ஆட்டறாரு. லேம்ப் ரூம்லயே போட்டுட்டாங்கன்னா ரத்தம் கொல்லாது. அதுதான் கொல்லும்."

"நான் எண்ணை மாற்ற முடியாதம்மா."

"உங்க மிஷினு மட்டும் அன்னன்னிக்கி மாத்திச் சொல்லுது. நீங்க மாத்தக்கூடாதா?"

அவர் கூறியதில் உண்மை இருந்தது. குளிர்ந்த காலையில் பச்சை நிறம் தாமதமாக ஏறும். அமிலம் பழையதானால் ஒரு விதம், புதியதானால் ஒரு விதம். ஒரே இரத்தத்தைப் பத்து முறை செய்தால் பத்தும் ஒன்றாய் வாரா. இதை நான் அறிவேன்; டாக்டரும் அறிவார்; மருத்துவக் குழு அறியுமா என்பது ஐயம். நான் பெட்டியைத் திறந்தேன். முதற்குழாய் இருநூற்று நாற்பத்தாறு. இரண்டாவது இருநூற்று ஐம்பத்தெட்டு.

எல்லைக் கோடு இருநூற்றைம்பது. ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே ஊசியில் வந்த இரத்தம். ஒரு குழாயில் அவர் தகுதியுள்ளவர், மற்றதில் இல்லாதவர். முதல் எண்ணை மட்டும் எழுதினால் அது பொய்யாகாது. நிறமானி காட்டியதைத்தான் எழுதியிருப்பேன். சௌந்தரம் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கத்தில் ஒரே சோதனைதான் செய்வோம். இரண்டாவதைச் செய்யாதிருந்தால் இந்தக் குழப்பமே எழுந்திராது என்று என்னை நானே நொந்துகொண்டேன். இறுதியில் இரண்டையும் எழுதினேன்.

"ரெண்டு நம்பர் எதுக்கு சார்? ஆளு ஒண்ணுதானே?" என்றார் சௌந்தரம்.

டாக்டர் ஹரோல்ட் அந்தச் சீட்டின் கீழே நான்கு வரிகள் எழுதினார். இந்தச் சோதனையின் பிழை எல்லை, இவ்விரு எண்களுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது, இவர் கோட்டுக்கு உட்பட்டவரா அப்பாற்பட்டவரா என்று எம்மால் கூற இயலாது, எண் குறைந்துவருகிறது, இருதய வரைபடம் குறையற்றது, பணிக்குத் தகுதியுடையவராகக் கொள்ளலாம். மருத்துவக் குழு இரு வாரம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் ஆறாம் தேதி முதல் ஷிப்டுக்கு அவரை இன்ஜின் அறைக்கு வரும்படி உத்தரவு வந்தது.

அன்று சௌந்தரம் கோவிலில் தேங்காய் உடைத்தார். மரியகுழந்தை தம் பங்குக்கு நாற்காலியைத் துடைத்து வைத்து, "கொழுப்பு வழுக்கி வுட்டுடப் போவுது, கெட்டியா குந்து" என்று கூறிச் சென்றார்.

காத்தவராயன் அன்று ஆட்களை ஒன்பது முறை இறக்கினார். தவறு ஒன்றும் நேரவில்லை. கேஜ் ஒவ்வொரு லெவலிலும் அங்குலம் பிசகாமல் நின்றதென்று அடியிலிருந்தவர்கள் கூறினார்கள். ஷிப்ட் முடிந்ததும் அவர் இறங்கிவந்து, இன்ஜினியர் அலுவலகத்தில் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, தம்மைக் கல் ஏற்றும் இன்ஜினுக்கு மாற்றும்படி மனு எழுதிக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் மாலை அவர் மருத்துவமனைக்கு வந்தபோது நான் காரணம் கேட்டேன். சௌந்தரமும் உடனிருந்தார், அவர் முகம் இறுகியிருந்தது.

"முந்தி மூணு மணி அடிச்சா கை போவும் சார். நான் போவ வேண்டியதில்ல. நேத்து ஒவ்வொரு வாட்டியும் நான் போனேன். மணி அடிச்சதும் மொதல்ல மாருல கை வெச்சிப் பாத்தேன். அடிக்குதா, ஒழுங்கா அடிக்குதா, அப்புறம்தான் கயிறு. ஒம்போது வாட்டியும் அப்பிடித்தான்."

"ஒன்பது முறையும் சரியாகத்தானே நின்றது?"

"நின்னுச்சி. பத்தாவது வாட்டி மாருல வெச்ச கைய எடுக்க மறந்துட்டா?"

"டாக்டரே நல்லாருக்கான்னு எழுதிக் குடுத்துட்டாரு. இவுருக்கு இன்னா கேடு?" என்றார் சௌந்தரம் என்னிடம். "மூணு மாசம் அந்த சீட்டுக்கோசரம் செத்தாரு. குடுத்தா வாணாம்ன்றாரு. நான் இனிமே யாருக்கு இன்னா ஆக்கிப் போடறது?"

"டாக்டரு நல்லாருக்கான்னு எழுதல சௌந்தரம். தெரியலன்னு எழுதினாரு. நானும் படிச்சேன்."

"தெரியலன்னா நல்லாருக்கன்னுதானே அர்த்தம்?"

"அப்பிடியும் இருக்கும். எனுக்குத் தெரியல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சீட்டை எழுதியவர்களில் நானும் ஒருவன். எண்ணைச் சொல்லாதிருந்தால் அவர் கை பழையபடி தானே சென்றிருக்கும். ஒருநாள் இருதயம் நின்றிருக்கவும் கூடும், நில்லாதிருக்கவும் கூடும். நான் செய்தது காவலா, கெடுதலா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அதன் பின் ஆயிரக்கணக்கான குழாய்களைப் பச்சையாக்கிய பின்னும் அக்கேள்வி தெளியவில்லை.

மனு ஏற்கப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த விருப்பம்' என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார். லைன் வீடுகளில் மட்டும், காத்தான் இரத்தத்தில் பெயிலானவன் என்ற பேச்சே நிலைத்தது. அவர் அதை மறுக்கவில்லை. எப்படி மறுப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் ஐயமே. கல் இன்ஜினில் மேலும் பத்து ஆண்டுகள் இருந்து, 1980ஆம் ஆண்டு, ஐம்பத்தெட்டாம் வயதில் ஓய்வு பெற்றார். ஆண்டுதோறும் எங்களிடம் வந்து இரத்தம் கொடுத்தார். எண் இருநூற்று அறுபதை ஒட்டியே நின்றது.

கல் இன்ஜினில் அவர் சேர்ந்த முதல் நாளைப் பற்றி ஆறுமுகமும் டைம் ஆபீஸ் குமாஸ்தாவும் கூறியதை எழுதி இதை நிறுத்துகிறேன். காலை ஷிப்டுக்கு ஆட்கள் ஷாப்ட் வாயில் வரிசையில் நின்றிருந்தார்கள். காத்தவராயன் அவர்களைக் கடந்து அப்பாலுள்ள இன்ஜின் அறைக்குச் சென்றுகொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, எங்கள உட்டுட்டுக் கல்லாண்ட போய்ட்டியாமே?" என்று ஆறுமுகம் கூப்பிட்டார்.

"கல்லு வம்பு பேசாது. ஏறு, போ."

அவர்கள் ஏறினார்கள். மூன்று மணி அடித்தது. அன்று ஓட்டியவர் மரியகுழந்தை. காத்தவராயன் நடையை நிறுத்தி, மேலே சக்கரத்தில் ஓடும் கயிற்றைப் பார்த்தபடி நின்றார். அடியிலிருந்து ஆட்கள் இறங்கியதற்கான மணி வரும்வரை அசையவில்லை. பின்னர்தான் தம் இன்ஜினுக்குச் சென்றார். டைம் ஆபீசில் நான்கு நிமிடத் தாமதம் பதிவாயிற்று. அவர் வேலை வாழ்க்கையில் அதுவே முதல் தாமதம். ஏன் என்று கேட்ட குமாஸ்தாவிடம், கயிறு நிற்கட்டும் என்று நின்றேன் என்றார். எந்தக் கயிறு, உங்கள் கயிறா என்று குமாஸ்தா கேட்டார். இல்லை என்றார். குமாஸ்தாவுக்கு ஒன்றும் விளங்காமல் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார்.